கதைவழி எழுத்தறிவித்தல் (ஸ்ரீவைகுண்டம்)

தாமிரபரணியின் வடகரையிலுள்ள ஸ்ரீவைகுண்டம், 17ஆம் நூற்றாண்டுப் புலவர் குமரகுருபரர் பிறந்த ஊர். ஐந்து வயதுவரை பேசாதிருந்த அவர் திருச்செந்தூர் முருகன் அருளால் பேச்சு வரப்பெற்று, கந்தர் கலிவெண்பா பாடினார் என்பது மரபு. கலைமகளை வேண்டும் சகலகலாவல்லி மாலையைக் காசியில் புதுமொழி கைவரப் பாடினார் என்பர். எழுதத் தொடங்கும் பிள்ளைக்குச் சொல்ல இதைவிடப் பொருத்தமான கதை அரிது.

விஜயதசமியன்று தட்டில் பரப்பிய அரிசியில், மடியிலிருக்கும் குழந்தையின் விரலைப் பிடித்துப் பெரியவர் ‘அ’ எழுதுவிப்பார். திண்ணைப் பள்ளிகளில் மணலில் எழுதிப் பழகிய பிறகே ஓலையும் எழுத்தாணியும். அகரவரிசையில் அமைந்த ஆத்திசூடி எழுத்தையும் அறத்தையும் சேர்த்தே மனத்தில் பதித்தது.

ருடால்ஃப் ஸ்டைனர் 1919இல் ஸ்டுட்கார்ட்டில் தொடங்கிய வால்டார்ஃப் பள்ளியில் முதலில் கதை, அடுத்து ஓவியம், அந்த ஓவியத்திலிருந்து எழுத்து. வீட்டிலேயே கற்பிக்கும் பெற்றோர் இம்முறையைத் தமிழுக்குத் தாராளமாகக் கொள்ளலாம். ஆற்றுநீர் தேங்கிய பள்ளத்தைக் கதையில் சொல்லி, வரையவைத்தால் ‘ப’ தானே வரும். 216 உயிர்மெய்க்கும் தனிக்கதை வேண்டியதில்லை. காலும் கொம்பும் ஒட்டும் இடத்தைக் காட்டினால் போதும். உகர, ஊகார வரிசைகள் மட்டும் எழுத்துக்கு எழுத்து வடிவம் மாறுவதால், அவற்றை அவசரப்படாமல் சொல்லித்தர வேண்டும்.