நிறைவேறாத வாக்கும் சரித்திரமே

காம்பார் வட்டாரத்துத் தமிழ்ச் சபைகளில் எழுந்த தீர்க்கதரிசன வாக்குகளைத் தொகுக்க முற்படுவோர், முதற்கண் திருநெல்வேலியை நோக்குதல் நலம். ஜான் கிறிஸ்தியான் அருளப்பர் நிறுவிய கிறிஸ்தியான்பேட்டையைச் சார்ந்த சபைகளில் 1860-ஆம் ஆண்டு பெரும் எழுப்புதல் உண்டாயிற்று, வாக்குரைத்தோர் பலர். அருளப்பர் கண்டதையும் கேட்டதையும் நாட்குறிப்பில் பதிந்தார். 1939-இல் லாங் என்பார் அக்குறிப்புகளை நூலாக வெளியிட்டார்.

அவ்வெழுச்சி திருவிதாங்கூருக்கும் பரவிற்று. அங்கே, அந்தணர் குலத்தினின்று கிறிஸ்தவராகிய யூஸ்துஸ் ஜோசப், 1881-இல் கிறிஸ்து வருவாரெனச் சாற்றினார். ஆண்டு கழிந்தது, வருகை நிகழவில்லை. இதை மறைத்துவிட்டு இனியவற்றையே கோப்பது சரித்திரமாகுமோ? நிறைவேறாத சொல் கர்த்தருடையதன்று என உபாகமம் 18-ஆம் அதிகாரமே உரைகல் தந்துள்ளதே!

தோட்டங்கள் துண்டாடப்பட்டு மக்கள் பட்டணஞ் சேர்ந்தபின், சொன்னவர் யார், சொன்ன நாள் எது என்று விசாரித்தறிய எஞ்சியிருப்போர் சில முதியோரே.