யுகத்தின் நாள்தொகையும் தை மகமும்

திருமழிசைப்பிரானின் திருநட்சத்திரம் தை மகம். திருவெவ்வுளில் வீரராகவப் பெருமாள் சந்நிதித் திருக்குளத்தில் அடியார் திரளும் தை அமாவாசையும் அதே மாதத்தது. தை மாதம் ஆதித்தன் மகரத்தில் புகுவதால் பிறப்பது. அப்புகுதியைத் தமிழ்நாட்டு வாக்கியப் பஞ்சாங்கம் கணிப்பதற்கு அடிநிலையாய் நிற்பது 157,79,17,500 என்னும் பேரெண். ஒரு சதுர்யுகத்தில் அடங்கிய நாள்களின் தொகை இது.

இதனை நிறுவியவர் ஆரியபடர். கலியில் 3,600 ஆண்டு கழிந்தபோது தமக்கு வயது 23 என்று அவரே உரைத்தலின் அக்காலம் கி.பி. 499 ஆகும். அவர் நாள்தொகையை நேரே கூறவில்லை. ஒரு சதுர்யுகத்தில் பூமி 158,22,37,500 முறை சுழல்கிறது என்றும், ஆதித்தன் 43,20,000 முறை சுற்றி வருகிறான் என்றும் உரைத்தார். முன்னதிலிருந்து பின்னதைக் கழிக்க எஞ்சுவதே நாள்தொகை.

இவ்வெண்ணின் சிறப்பு அதன் வகுபடுதன்மையில் உள்ளது. நாள்தொகை, ஆண்டுத்தொகை இரண்டையும் 7,500 மீதியின்றி வகுக்கும். ஈவுகள் முறையே 2,10,389, 576. ஆகவே 576 ஆண்டுகளில் சரியாக 2,10,389 நாள்கள் நிறைவுறும். ஓராண்டின் அளவு 365 நாள், 15 நாழிகை, 31 விநாடி, 15 தற்பரை என முடிகிறது. பின்னம் எச்சமின்றித் தற்பரையில் நின்றுவிடுவதால், ஏட்டில் எழுதிக் கணிப்போர்க்கேயன்றிச் சோழி பரப்பிக் கணிப்போர்க்கும் இது எளிதாயிற்று. 1825இல் வெளிவந்த வாரனின் 'கால சங்கலித'த்தில் புதுச்சேரிக் கணிதர் ஒருவர் சோழிகளைக் கொண்டு சந்திர கிரகணம் கணித்த முறை பதிவாகியுள்ளது.

இனி, இவ்விரு எண்களும் ஒரே பிரமாணத்தைச் சார்ந்தவையா என்பது ஆராயத்தக்கது. 43,20,000 என்பது மனுஸ்மிருதியும் ஸ்ரீவிஷ்ணுபுராணமும் கூறும் கணக்கினின்று வருவது. அங்கு நான்கு யுகங்களும் 4:3:2:1 என்னும் விகிதத்தின. ஆரியபடர் அவற்றை 10,80,000 ஆண்டுகள் கொண்ட சம பாகங்களாக்கினார். ஸ்மிருதிக்கு இது முரண் என 628இல் பிரம்மகுப்தர் கண்டித்தார். எனினும் ஆரியபடர் மொத்தத் தொகையை மாற்றவில்லை. நாள்தொகையோ ஸ்மிருதியால் விதிக்கப்பட்டதன்று. சித்தாந்த நூல்கள் தம்முள் வேறுபடுவதே இதற்குச் சான்று. சூரிய சித்தாந்தம் 157,79,17,828 எனக் கொள்கிறது.

இக்கால அளவீட்டின்படி நட்சத்திர ஆண்டைவிட வாக்கிய ஆண்டு ஏறத்தாழ 3 நிமிடம் 20 நொடி மிகுதி. 576 ஆண்டுகளில் இது ஒன்றேகால் நாளுக்குச் சற்று மேற்படும். கிரகணங்களை நெடுங்காலம் கண்ணால் நோக்கிய பரமேசுவரர் 1431இல் திருக்கணிதம் இயற்றியதும் கணக்கைக் காட்சியோடு பொருத்தவேயாம்.

ஆகவே, வாக்கியமா திருக்கணிதமா என்னும் வழக்கில் நாள்தொகையைத் திருத்துதல் யுகப்பிரமாணத்தைத் திருத்துதல் ஆகாது. யுகத்தின் ஆண்டுகளுக்குச் சாஸ்திரம் பிரமாணம். அவ்வாண்டின் நாள்களுக்குப் பிரத்யக்ஷம் பிரமாணம். தத்தம் சந்நிதியின் ஆசார வழக்குப்படி தை மகத்தைக் கொண்டாடுவோர், மற்றொரு நாளில் கொண்டாடுவோரைச் சாஸ்திர விரோதிகள் எனக் கொள்ள இவ்வெண்ணில் இடமில்லை.