நாணயம் இழந்த நாணயம்

நாணயம் என்னும் சொல்லுக்குத் தமிழில் இரு பொருள்கள் உண்டு. கையில் புழங்கும் காசும் நாணயம். சொன்ன சொல் தவறாத நேர்மையும் நாணயம். பின்னது அழிந்தால் முன்னது நில்லாது என்பதைப் பினாங்குத் தீவு 1941 முதல் 1945 வரை பட்டறிந்தது.

1941 டிசம்பர் 11ஆம் நாள் சப்பானிய விமானங்கள் ஜார்ஜ்டவுன் மீது குண்டுமாரி பொழிந்தன. சில நாள்களுக்குள் ஆங்கிலேயர் தம்மினத்தாரை மட்டும் இரவோடு இரவாகக் கப்பலேற்றிக்கொண்டு அகன்றனர். ஆள்வோர் இல்லை, காவல் இல்லை, கடைகள் சூறையாடப்பட்டன. அந்நிலையில், 'ஸ்ட்ரெய்ட்ஸ் எக்கோ' நாளிதழின் ஆசிரியராக இருந்த இலங்கைத் தமிழர் மாணிக்கசோதி சரவணமுத்து, பல இனத்தாரும் அடங்கிய குழுவொன்றன் தலைமையை ஏற்று நகரைக் காக்க முற்பட்டார். கார்ன்வாலிஸ் கோட்டையில் பறந்த ஆங்கிலக் கொடியை இறக்கியவரும் அவரே. டிசம்பர் 19ஆம் நாள் சப்பானியர் நகருள் புகுந்தனர்.

படையோடு புதிய பணமும் வந்தது. பத்து வெள்ளித் தாளில் வாழைமரம் அச்சிடப்பட்டிருந்தமையால் மக்கள் அதனை வாழைமர நோட்டு என்றனர். கேட்டவுடன் கொடுக்கப்படும் என்று சப்பானிய அரசு அதில் உறுதி கூறியிருந்தது. ஆயினும் எதைக் கொடுக்கும் என்பதற்கு விடையில்லை. அதன் பின்னால் பொன்னும் இல்லை, வெள்ளியும் இல்லை. தொடக்கத்தில் சில தாள்களில் வரிசை எண்கள் இருந்தன. பின்னர் வந்தவற்றில் எழுத்துக்குறிகள் மட்டுமே எஞ்சின. எண்ணில்லாத தாள் எண்ணிக்கையில்லாமல் அச்சாகும் என்பதைச் சொல்லவும் வேண்டுமோ! முடிவில் 1,000 வெள்ளித் தாளும் வெளிவந்தது.

மலாயா தனக்கு வேண்டிய அரிசியில் பெரும்பகுதியைப் பர்மா, தாய்லாந்து முதலிய நாடுகளிலிருந்தே பெற்று வந்தது. போரினால் கப்பல் வரவு குன்றியது. பண்டம் சுருங்க, தாள் பெருகிற்று. விலைகள் விண்ணை முட்டின. அரிசி உண்டவர் மரவள்ளிக்கிழங்கால் வயிறு நிரப்பினர். துணியின்றிச் சாக்கை உடுத்தோரும் உளர்.

அப்போது எது பணமாயிற்று? அரிசி, துணி, மருந்து, சுருட்டு, பொன் ஆகியவையே. அரிசியைப் படியால் அளக்கலாம். பொன்னைத் தராசில் நிறுக்கலாம். எவருடைய வாக்குறுதியும் அவற்றுக்குத் தேவையில்லை. சங்க காலத்து உமணர் உப்பைக் கொடுத்து நெல்லைப் பெற்ற பண்டமாற்று, இருபதாம் நூற்றாண்டின் துறைமுக நகரில் மீண்டும் தலைதூக்கியது. இது பினாங்கிற்கு மட்டும் உரியதன்று. செருமானியச் சிறைமுகாமில் இருந்த ராட்ஃபோர்டு என்னும் ஆங்கிலேயர், அங்குச் சிகரெட்டே பணமாக வழங்கிய முறையை 1945இல் ஒரு கட்டுரையாக எழுதினார். பொருளியல் பயில்வோர் அதனை இன்றும் போற்றிப் படிக்கின்றனர்.

ஆயினும், பண்டமே பணமாகும் காலத்தில் பண்டம் இல்லாதவன் நிலை யாது? நிலமுடையவன் கிழங்கு நட்டான். நகையுடையவள் வளையலை விற்றாள். தோட்டத்துத் தொழிலாளிக்கு உழைப்பைத் தவிர உடைமை இல்லை. அவன் உழைப்புக்குக் கிடைத்த கூலியோ நாளுக்கு நாள் தேய்ந்த தாள். அழிவின் முழுச்சுமையும் அவன் தோளிலேயே இறங்கிற்று.

கடன் கொடுத்தோரும் தப்பவில்லை. பினாங்கு ஸ்ட்ரீட்டில் கிட்டங்கி அமைத்து வட்டித்தொழில் நடத்திய நகரத்தார், போருக்கு முன் நல்ல பணமாகக் கொடுத்த கடன்கள் பல, வாழைமர நோட்டுகளாகத் திரும்பி வரக் கண்டனர். ஆள்வோர் பணத்தை வாங்க மறுப்பது ஆபத்து, வாங்கினாலோ இழப்பு. கணக்கேட்டில் கடன் தீர்ந்தது. கைப்பெட்டியில் காகிதம் நிறைந்தது.

1945 செப்டம்பர் 3ஆம் நாள் ஆங்கிலப் படை பினாங்கில் மீண்டும் கால்வைத்தது. வாழைமர நோட்டு செல்லாது என ஆங்கில இராணுவ ஆட்சி அறிவித்தது. போருக்கு முற்பட்ட தாள்களை ஒளித்து வைத்திருந்தோர் கையில் மீண்டும் பணம் இருந்தது. சப்பானியத் தாளாகவே சேமித்தவர் வெறுங்கையராயினர். பின்னர், 1948இல், ஆதிக்கக் காலக் கடன்களுக்கென ஒரு சட்டம் பிறந்தது. சப்பானிய வெள்ளியின் இறங்குமுகத்தை ஓர் அட்டவணையாக வகுத்தது அச்சட்டம். தொடக்கத்தில் 100 மலாயா வெள்ளிக்கு 100 சப்பானிய வெள்ளி எனச் சமமாக இருந்த மதிப்பு, 1945 ஆகஸ்டில் 100க்கு 95,000 என அதில் வீழ்ந்து கிடக்கிறது. கடன்கொடுத்தோர் வழக்காட அச்சட்டம் ஓரளவு வழி செய்தது. கூலித் தாளைச் சேர்த்து வைத்து ஏமாந்தவனின் இழப்பை ஈடுசெய்ய அதில் இடமில்லை.

போரில் தோற்றதால் மட்டும் அப்பணம் அழிந்தது என்பர். தோல்விக்கு முன்பே அது நோயுற்றிருந்தது என்பதற்கு அவ்வட்டவணையே சான்று. அளவின்றி அச்சிட்ட கையே அதன் உயிரைக் குடித்தது. பணம் என்பது பலரும் ஒருங்கே நம்பும் ஒரு வாக்கு. அவ்வாக்குப் பொய்க்குமானால் உடைமையுள்ளோர் அரிசியையும் பொன்னையும் நாடிப் பிழைப்பர்; உழைப்பு ஒன்றையே உடையோர்க்குப் புகலிடமில்லை. ஆதலின், நாட்டின் நாணயத்தை நாணயத்தோடு காப்பது செல்வர்க்கு நலம். ஏழைக்கோ அது உயிர். பழைய ஏட்டுக்குள் வாழைமர நோட்டொன்றைக் காணும் மாணவர், அதன் படத்தை மட்டும் பார்த்துவிட்டு மூடிவிடாதிருப்பாராக. அது ஒரு தொழிலாளியின் ஒரு நாள் வியர்வையாக இருந்திருக்கக் கூடும்.