காலங்கடந்த தேர்தல் வழக்குகள்

தேர்தல் வழக்கு நிலுவையில் இருக்கும்போதே பதவிக்காலம் முடிந்துவிட்டாலோ, பேரவை கலைக்கப்பட்டாலோ, இனித் தீர்ப்புச் சொல்லிப் பயனில்லை என நீதிமன்றம் வழக்கை முடித்துவைப்பதுண்டு. இவற்றைப் பயனற்றுப்போன மனுக்கள் என்பர்.

சட்டப் பின்னணி

நாமக்கல்லில் வேட்புமனு நிராகரிக்கப்பட்ட பொன்னுசாமியின் வழக்கில், 1952 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் ஒரு வரையறை வகுத்தது. தேர்தல் நடந்துகொண்டிருக்கையில் நீதிமன்றம் தலையிடாது. குறை எதுவானாலும் முடிவு வந்தபின் தேர்தல் மனுவாகவே வர வேண்டும். மக்கள் பிரதிநிதித்துவச் சட்டப்படி 45 நாட்களுக்குள் மனு தாக்கலாக வேண்டும். விசாரணையை 6 மாதங்களில் முடிக்க முயல வேண்டும் என்று மட்டுமே அச்சட்டம் சொல்கிறது. மனுதாரருக்குக் கெடு கண்டிப்பானது, விசாரணைக்கு அப்படியில்லை.

பேரவை கலைந்தாலும் மனு தானாக அற்றுப்போகாது என்று 1969இல் உச்ச நீதிமன்றம் கூறியது. ஆனால் 1974இல், ஒடிசாவின் லோக்நாத் பதான் வழக்கில், பேரவை கலைந்தபின் வேட்பாளரின் தகுதியை ஆராய்வது ஏட்டளவிலான வேலை என மறுத்தது. ஊழல் நடவடிக்கைக் குற்றச்சாட்டு இதற்கு விலக்கு. அது நிரூபணமானால் தேர்தலில் நிற்கவே தடை வரலாம் என்பதால், காலம் கடந்தாலும் வழக்குக்கு உயிர் உண்டு.

இராதாபுரம்

2016 சட்டப்பேரவைத் தேர்தலில் இராதாபுரம் தொகுதியில் அ.தி.மு.க.வின் இன்பதுரை, தி.மு.க.வின் அப்பாவுவை 49 வாக்குகளில் வென்றார். 203 தபால் வாக்குகள் எண்ணப்படாமல் தள்ளப்பட்டிருந்தன. அவற்றில் சான்றொப்பமிட்டவர்கள் நடுநிலைப் பள்ளித் தலைமையாசிரியர்கள். அந்தக் கையெழுத்து செல்லுமா என்பதே கேள்வி. செல்லும் என்ற சென்னை உயர் நீதிமன்றம் 2019 அக்டோபரில் மறுஎண்ணிக்கைக்கு உத்தரவிட்டது. வாக்குகள் எண்ணப்பட்டன, முடிவை வெளியிட உச்ச நீதிமன்றம் தடை விதித்தது. தடை நீங்காமலே 2021இல் பேரவையின் காலம் முடிந்தது. அதே தொகுதியில் வென்ற அப்பாவு பேரவைத் தலைவரானார். 2016இல் வாக்களித்தவர்களுக்கோ, தங்கள் உறுப்பினர் யார் என்ற ஐயம் பதவிக்காலம் முழுதும் தீரவில்லை.

செங்கல்பட்டு

உள்ளாட்சித் தேர்தல் வழக்குகளுக்கும் இதே கேள்வி உண்டு. 2019இல் உருவான செங்கல்பட்டு மாவட்டத்தில், வார்டு மறுவரையறை முடியாததால் ஊரக உள்ளாட்சித் தேர்தல் தள்ளிப்போய், 2021 அக்டோபரில்தான் நடந்தது. கோவளம், நெம்மேலி போன்ற கடலோர ஊராட்சிகளின் தேர்தல் முடிவை எதிர்ப்பவர் மாவட்ட நீதிபதியிடம் மனுச் செய்ய வேண்டும். இங்கும் பதவிக்காலம் 5 ஆண்டுகளே; விசாரணையும் மேல்முறையீடும் அதற்குள் முடிந்தாக வேண்டும். சில வாக்குகளே வெற்றியைத் தீர்மானிக்கும் சிற்றூர் வார்டில், பதவிக்காலத்துக்குள் வரும் தீர்ப்புதான் வாக்காளருக்கு நீதி.