கிளீவ்லண்ட் வீதி வறியோர் இல்லம்: ஒரு கட்டடத்தின் வரலாற்றுப் பெறுமதி

பழைய கட்டடமொன்றின் பெறுமதியை மதிப்பிடுவோர் முதலில் அதன் அழகையே நோக்குவர். இலண்டனின் கிளீவ்லண்ட் வீதியிலுள்ள முன்னாள் வறியோர் இல்லம் இவ்வளவுகோலுக்குள் அடங்குவதன்று. 1770களின் பிற்பகுதியில் கொவென்ற் கார்டன் புனித பவுல் பங்கினர் தம் ஏழைகளுக்கென எழுப்பிய அக்கட்டடம் அலங்காரம் எதுவுமற்ற செங்கற் சுவர்களாலானது. ஏழைகளுக்குச் செலவிடப்படும் பணத்தில் அழகுக்கு இடமில்லை என்ற அக்காலக் கருத்து அச்சுவர்களிலேயே பதிந்துள்ளது. ஆகவே அதன் எளிமையைக் குறையாகவன்றிச் சான்றாகவே கொள்ளல் வேண்டும்.

1834ஆம் ஆண்டின் வறியோர் சட்டத் திருத்தம் இத்தகைய இல்லங்களின் போக்கை மேலும் கடுமையாக்கியது. வெளியே உழைத்து வாழும் மிக ஏழையான தொழிலாளியின் வாழ்விலும் உள்ளிருப்போரின் வாழ்வு தாழ்ந்திருத்தல் வேண்டும் என்பதே அதன் அடிப்படை. உதவி கேட்போரை அஞ்சி விலகச் செய்வதே நோக்கம். ஆயின் நடைமுறையில் உள்ளே நிறைந்தோர் நோயாளரும் முதியோருமே. ஸ்ராண்ட் ஒன்றியத்தின் பொறுப்பிலிருந்த இவ்வில்லத்தில் 1856 முதல் 1868 வரை வைத்தியராகப் பணியாற்றிய ஜோசப் றொஜேர்ஸ் கண்டதும் இதுவே. நோயாளரைப் பராமரித்தோர் பயிற்சியற்ற ஏழைப் பெண்கள். மருந்துச் செலவு வைத்தியரின் சொற்பச் சம்பளத்தின் மீது விழுந்தது. நோயாளர் படுத்திருந்த அறைகளின் சாளரங்களுக்குக் கீழே கம்பளங்கள் அடித்துத் துப்புரவு செய்யப்பட்டன. அத்தொழிலால் இல்லத்துக்கு வருமானம் கிடைத்தது. தூசியும் ஓசையும் நோயாளருக்குக் கிடைத்தன. றொஜேர்ஸ் ஓயாது முறையிட்டார். 1865இல் 'லான்செற்' மருத்துவ சஞ்சிகை இலண்டன் இல்லங்களின் நோயாளர் பகுதிகளை ஆராயத் தொடங்கியது. 1867இல் தலைநகர் வறியோர் சட்டம் நிறைவேறியது. வறிய நோயாளருக்கென அரசு தனி வைத்தியசாலைகளை அமைக்கும் பாதை இவ்வாறு திறந்தது.

பிற்காலத்தில் மிடில்செக்ஸ் வைத்தியசாலையின் வெளிநோயாளர் பிரிவாக விளங்கிய இக்கட்டடம், இந்நூற்றாண்டின் முதற் பத்தாண்டில் கைவிடப்பட்டு, இடிக்கப்படும் நிலையை எய்தியது. அவ்வேளையில் வரலாற்றாசிரியர் றூத் றிச்சாட்சன், சாள்ஸ் டிக்கின்ஸ் சிறுவயதிலும் பின்னர் இளமையிலும் அதே வீதியில் சில வீடுகளுக்கு அப்பால் வசித்தமையை எடுத்துக்காட்டினார். 'ஒலிவர் துவிஸ்ற்' நாவலுக்குத் தூண்டுகோல் இவ்வில்லமே என்ற கருத்து மக்களைக் கவர்ந்தது. 2011 மார்ச்சில் கட்டடம் இரண்டாந் தரப் பாதுகாப்புப் பட்டியலிற் சேர்க்கப்பட்டது.

நாவலாசிரியரின் பெயர் கட்டடத்தைக் காத்தமை மகிழ்ச்சிக்குரியதே. எனினும் டிக்கின்ஸின் தொடர்பு பெரிதும் ஊகத்தின்பாற்பட்டது. றொஜேர்ஸின் போராட்டமோ அச்சுவர்களுக்குள்ளேயே நிகழ்ந்தது. அவ்வைத்தியர் ஒரு நாவலின் நிழலில் ஒதுங்கி நிற்க நேர்ந்தமை விசித்திரமே.

பாதுகாப்பின் எல்லையும் சிந்தனைக்குரியது. இல்லத்தின் பின்புற நிலம் ஏழைகளின் இடுகாடாயிருந்தது. முதன்மைக் கட்டடத்தைக் குடியிருப்புகளாக மாற்றிப் பின்புறத்திற் புதிய தொகுதி அமைக்கத் திட்டமிட்டபோது அந்நிலம் அகழப்பட்டு, நூற்றுக்கணக்கானோரின் எச்சங்கள் வெளிவந்தன. வாழ்ந்த காலத்தில் இடநெருக்கடியில் அடைக்கப்பட்டோர், மாண்டபின் நெருக்கமாகப் புதைக்கப்பட்டனர். அவர்தம் எலும்புகள் உணவின் போதாமையையும் உழைப்பின் கடுமையையும் ஆராய்வோருக்குச் சொல்லக்கூடியவை. இல்லத்தின் நிருவாகப் பதிவேடுகள் அதனைச் சொல்வதற்காக எழுதப்பட்டவையல்ல. செங்கற்களைக் காத்த பட்டியல் அம்மண்ணை அவ்வாறே விட்டுவைக்கவில்லை.