பாம்பு நஞ்சும் மாற்று மருந்தும்: திருச்சிராப்பள்ளி, ஸ்ரீரங்கம்

காவிரிக்கும் கொள்ளிடத்துக்கும் இடையிலுள்ள ஸ்ரீரங்கம் கோயிலில் தன்வந்திரிக்குத் தனிச் சன்னதி உண்டு. இங்கிருந்த ஆரோக்கியசாலையைக் கருடவாகன பட்டர் 1493இல் புதுப்பித்ததாகக் கல்வெட்டு சொல்கிறது. வயலும் வாழைத்தோட்டமும் சூழ்ந்த இவ்வட்டாரத்தில் பாம்புக்கடி இன்றும் உயிர்பறிக்கும் ஆபத்து.

நல்லபாம்பு, கட்டுவிரியன் நஞ்சு நரம்பிலிருந்து தசைக்குச் செல்லும் தூண்டலை நிறுத்திவிடும். முதலில் இமை சரியும், பிறகு விழுங்க முடியாது, கடைசியில் மூச்சு நிற்கும். கட்டுவிரியன் கடித்த இடம் பெரும்பாலும் வீங்குவதில்லை. தரையில் படுத்துறங்கியவர் வயிற்றுவலியோடு எழுந்து, காரணம் தெரியாமலே மோசமாவார். கண்ணாடி விரியன் நஞ்சு இரத்தம் உறையத் தேவையான புரதங்களைத் தீர்த்துவிடும்; ஈறு கசியும், சிறுநீரகம் பழுதாகும். கண்ணாடிக் குழாயில் 20 நிமிடம் அசைக்காமல் வைத்த இரத்தம் உறையாவிட்டால், நஞ்சு ஏறியிருப்பது உறுதி.

18ஆம் நூற்றாண்டின் இறுதியில், அண்டையிலுள்ள ஊரின் பெயரால் ‘தஞ்சாவூர் மாத்திரை’ பெரும்புகழ் பெற்றிருந்தது. அதில் வெள்ளைப் பாஷாணம், பாதரசம், நேர்வாளப் பருப்பு, மிளகு ஆகியவை இருந்தன. கண்ணாடி விரியனின் ஆங்கிலப் பெயருக்குக் காரணமான பேட்ரிக் ரஸ்ஸல் அதை விலங்குகளிடம் சோதித்தார். 1796இல் வெளியான அவருடைய நூலில் உள்ள சோதனைகள் அந்தப் புகழை உறுதிப்படுத்தவில்லை. பாஷாணம் குடலைப் புண்ணாக்கும். நேர்வாளம் கடும்பேதி உண்டாக்கும். விரியன் நஞ்சால் ஏற்கெனவே தவிக்கும் சிறுநீரகத்துக்கு நீரிழப்பும் சேர்ந்தால் நிலைமை இன்னும் கெடும். ஆனாலும் மாத்திரை உண்டவர் பலர் பிழைத்தனர். நச்சுப்பாம்பும் சில வேளை நஞ்சைச் செலுத்தாமல் வெறுமனே கடிக்கும். அப்படித் தப்பியவர்களின் உயிர்தான் மருந்தின் பெயரில் வரவு வைக்கப்பட்டது. இன்றைய விஷக்கல்லுக்கும் பச்சிலைக்கும் இதுவே பொருந்தும். அவற்றை நம்பிக் கழியும் நேரமே பெரிய இழப்பு.

நிரூபிக்கப்பட்ட மாற்று மருந்து, குதிரைக்குச் சிறுகச் சிறுக நஞ்சேற்றி அதன் இரத்தத்திலிருந்து எடுக்கும் நஞ்சுமுறி ஊசிதான். நல்லபாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் ஆகிய நான்குக்கும் அது ஒன்றே. அதற்கான நஞ்சைச் சேகரித்துத் தருவதில் 1978இல் தொடங்கிய இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கத்துக்குப் பெரும் பங்குண்டு. இரத்தத்தில் ஓடும் நஞ்சைத்தான் அம்மருந்து பிடிக்கும். கட்டுவிரியன் நஞ்சால் சிதைந்த நரம்புமுனையை அது மீட்காது. நரம்புமுனை தானாகவே வளரும் வரை செயற்கைச் சுவாசம் தேவைப்படலாம். எனவே இறுகக் கட்டுவதும் கீறுவதும் வேண்டாம். கடிபட்ட கையையோ காலையோ அசைக்காமல் உடனே மருத்துவமனைக்குக் கொண்டுசெல்ல வேண்டும். குழந்தைக்கும் பெரியவர்களுக்கான அதே அளவு மருந்துதான்: பாம்பு ஆளைப் பார்த்து நஞ்சைக் குறைப்பதில்லை.