பொள்ளாச்சி: படப்பிடிப்பு ஊரின் வரலாறு

பொள்ளாச்சி, தமிழ்நாட்டின் கோயம்புத்தூர் மாவட்டத்தில் ஆனைமலையின் அடிவாரத்தையொட்டி அமைந்த நகராட்சி. கோவையிலிருந்து தெற்கே ஏறத்தாழ 40 கிலோமீட்டர். தேங்காய், வெல்லம், செவ்வாயும் வியாழனும் கூடும் மாட்டுச்சந்தை ஆகியவையே இதன் பிழைப்பு. சந்தைக்கு வரும் மாடுகளில் பெரும்பகுதி கேரளத்துக்குப் போகிறது. 1990-களிலிருந்து தென்னிந்தியத் திரைப்படங்களும் இந்திப் படங்களும் கிராமத்தைத் தேடி வரும் ஊராகவும் இது பெயர்பெற்றது.

திரையில் தெரியும் பொள்ளாச்சி பெரும்பாலும் காலங்காலமாக மாறாத பசுமைக் கிராமம்: தென்னந்தோப்பு, தளும்பும் வாய்க்கால், பின்னால் நீலமலை. இவற்றில் மலை மட்டுமே பழையது. ஐம்பதுகள் வரை இப்பகுதியின் பல நிலங்கள் மழையையும் கிணற்றையும் நம்பி நிலக்கடலையும் பருத்தியும் விளைந்த மேட்டுக்காடுகள். பரம்பிக்குளம்–ஆழியாறு திட்டம் இதை மாற்றியது. மேற்கே ஓடிக் கடலில் கலந்துகொண்டிருந்த ஆனைமலை நதிகளை அணைகளாலும் மலையைக் குடைந்த சுரங்கங்களாலும் கிழக்கே திருப்பிய திட்டம் அது. காமராசர் முதலமைச்சராக இருந்த காலத்தில் தமிழ்நாடும் கேரளமும் கூடிச் செய்த பெருவேலை. ஆழியாறு, திருமூர்த்தி அணைகளில் நீர் தேங்கியது. வாய்க்கால் பாய்ந்த இடமெல்லாம் தென்னை ஏறியது. கேமராக்கள் தேடிவந்த ‘ஆதி கிராமம்’ உண்மையில் அறுபதுகளுக்குப் பின் வளர்ந்த ஒரு பாசன நிலம். பொள்ளாச்சியின் திரை வரலாற்றை எழுதுபவர்கள் நடிகர்களுக்கு முன்பாகப் பொறியாளர்களையும் சுரங்கம் வெட்டிய தொழிலாளர்களையும் குறிப்பிடுவதே நியாயம்.

பாலக்காட்டுக் கணவாயின் பங்கும் உண்டு. மேற்குத் தொடர்ச்சி மலையில் இவ்வளவு அகன்ற திறப்பு வேறு இல்லை. தென்மேற்குப் பருவக்காற்று அதன் வழியே நுழைந்து ஜூன் முதல் இங்கே சாரலும் மேகமூட்டமும் தருகிறது. சமவெளியின் மற்ற ஊர்கள் காய்ந்து கிடக்கும் மாதங்களில் பொள்ளாச்சியில் மென்மையான வெளிச்சம் கிடைக்கும்.

சினிமா இம்மாவட்டத்துக்குப் புதிதல்ல. கோவையின் சென்ட்ரல் ஸ்டூடியோவும் பட்சிராஜா ஸ்டூடியோவும் ஒருகாலத்தில் சென்னைக்குப் போட்டியாக நின்றவை. ‘மலைக்கள்ளன்’ (1954) பட்சிராஜாவின் தயாரிப்பு. ஆனால் அந்தக் காலத்துத் திரைக் கிராமங்கள் பெரும்பாலும் ஸ்டூடியோ கூரைக்குள் பலகையும் துணியும் கொண்டு எழுப்பப்பட்டவை. பாரதிராஜாவின் ‘16 வயதினிலே’ (1977) கர்நாடகத்தின் கொள்ளேகால் பகுதியில் எடுக்கப்பட்டு வெற்றி பெற்ற பிறகுதான் உண்மையான தெருவும் திண்ணையும் தேவை என்ற எண்ணம் வேரூன்றியது. கோபிசெட்டிபாளையத்தை அடுத்த வெள்ளாங்கோவிலில் பிறந்த கே. பாக்யராஜ் தம் கதைகளுக்குக் கொங்கு மண்ணையே களமாக்கினார். கோபி, பொள்ளாச்சி, காரைக்குடி என்று கோடம்பாக்கத்துக்கு வெளியே ஒரு புதிய வரைபடம் உருவானது.

பொள்ளாச்சியை அந்த வரைபடத்தின் நடுவே கொண்டுவந்த படம் ‘தேவர் மகன்’ (1992). கமல்ஹாசன் எழுதி, பரதன் இயக்கி, பி. சி. ஸ்ரீராம் ஒளிப்பதிவு செய்தது. பொள்ளாச்சியை அடுத்த சிங்காநல்லூர் அரண்மனை பெரிய தேவரின் வீடானது. கதை நடக்கும் தூவலூர் கற்பனை ஊர். அங்கே பேசப்படும் பகையும் சாதியும் வழக்கும் தென்மாவட்டத்துடையவை. படம்பிடிக்கப்பட்ட மண்ணோ கவுண்டர்களும் ஜமீன்களும் நிலம் வைத்திருந்த கொங்கு. இந்த இடமாற்றம் திரையில் உறுத்தவில்லை. பெரிய தேவராக நடித்த சிவாஜி கணேசன் அந்த வீட்டில் நடமாடிய விதத்தில் வீடும் அவருடையதாகவே ஆகிவிட்டது. சிறந்த தமிழ்ப் படம் உட்பட ஐந்து தேசிய விருதுகள் கிடைத்தன. அகலமான முற்றம், தூண் வரிசை, ஓட்டுக்கூரை, வாசலில் பத்து வண்டி நிற்க இடம் என்று அந்த வீட்டில் இருந்தவை பின்வந்த எத்தனையோ பெரியவீட்டுக் கதைகளுக்கு இலக்கணமாயின. கொங்கு நாட்டின் தொட்டிக்கட்டு வீட்டைத் தமிழகம் முழுவதும் பார்த்தது இப்படித்தான், வேறொருவர் முகவரியில்.

அடுத்த ஆண்டு வந்த ‘எஜமான்’ (1993) இங்கே மாறுபடுகிறது. ஆர். வி. உதயகுமார் இயக்கத்தில் ரஜினிகாந்த் ஏற்ற வானவராயன் என்ற பெயர், பொள்ளாச்சி வட்டாரத்துச் சமத்தூர் ஜமீனின் குடிப்பெயரை ஒட்டியது. ஊர் தன் அடையாளத்தோடு திரையேறிய அரிய தருணம் இது. ஆனாலும் எஜமானின் பல்லக்குக்கு அருகே தேங்காய் உரிப்பவருக்கும் வாய்க்கால் வெட்டியவருக்கும் இடம் கிடைக்கவில்லை.

பிறகு இந்திக்காரர்கள் வந்தார்கள். பிரியதர்ஷன், ஷாருக் கானை வைத்து எடுத்த ‘பில்லு’ (2009) படத்தில் பொள்ளாச்சி, வடஇந்தியாவின் புத்புதா என்ற கற்பனைக் கிராமமாக வேடமிட்டது. மலையாள ‘கத பறயும்போள்’ படத்தின் மறுவடிவமான அதன் கதையே, ஒரு குக்கிராமத்துக்குப் படப்பிடிப்புக் குழு வருவதைப் பற்றியது. பொள்ளாச்சி மக்கள் பல ஆண்டுகளாகப் பார்த்துவந்த காட்சி அது: ஜெனரேட்டர் வண்டி வந்து நிற்பது, கயிறு கட்டிச் சாலையை மறிப்பது, மாட்டுவண்டிக்கு நாள்வாடகை பேசுவது, உள்ளூர் ஆட்களைக் கூட்டத்தில் நிறுத்துவது.

இங்கே ஓர் ஒப்பீடு உதவும். மலேசியாவின் ஜொகூர் மாநிலத்து இஸ்கந்தர் புத்ரியில் பைன்வுட் பெயரில் அமைந்த ஸ்டூடியோ, சினிமாவுக்கென்றே கட்டப்பட்டது. ‘மார்க்கோ போலோ’ (2014) தொடரின் மங்கோலிய அரசவை அங்கே எழுந்தது. பொள்ளாச்சியின் காட்சியை எவரும் சினிமாவுக்காக உருவாக்கவில்லை. விவசாயம் உண்டாக்கிய காட்சியைச் சினிமா எடுத்துக்கொண்டது. விவசாயம் தளர்ந்தால் காட்சியும் மாறும்.

மாற்றம் தொடங்கிவிட்டது. கோவைச் சாலையின் இருமருங்கும் நிழல் தந்த புளியமரங்கள் நான்குவழிச் சாலைக்காக வெட்டப்பட்டன. டாப்ஸ்லிப் உள்ளிட்ட மலைப்பகுதி ஆனைமலைப் புலிகள் காப்பகத்தில் அடங்குவதால் அங்கே கேமரா வைக்க வனத்துறையின் அனுமதி வேண்டும். காட்டுக்கு இந்தக் காவல் அவசியம். கவலை தோப்புகளைப் பற்றியது. வெள்ளை ஈயும் கேரள வாடல் நோயும் பொள்ளாச்சி, ஆனைமலை வட்டாரத் தென்னைகளைத் தாக்கியுள்ளன. வாடல் நோய்க்கு முழுத் தீர்வு இல்லாததால் காய்ப்பு நின்ற மரங்களை விவசாயிகள் வேரோடு அகற்றுகிறார்கள். மறுநடவுக்கு உதவியும் பாதிக்கப்பட்ட மரங்களுக்கு இழப்பீடும் கேட்டுவருகிறார்கள்.